ஜெபம் பண்ணிய ஒயர்

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. என் காதும் முழுசாகக் கேட்காது. இரண்டையும் நானே முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் சபையில் ஒயர் விவகாரம் நடந்த நாட்களில் ஆளாளுக்கு இதைத்தான் என்னிடம் சொன்னார்கள், எனக்குத் தெரியாத செய்தியைப் போல.

காது போனது கும்மிடிப்பூண்டி சிப்காட்டில். இருபத்திரண்டு வருடமாக ரோலிங் மில்லில் வேலை. பழுத்த இரும்பு உருளைகளுக்குள் நுழைந்து கம்பியாக வெளியே வரும் இடத்தில் நிற்பவன் நான். வருடத்துக்கு ஒருமுறை கம்பெனிக்குள் ஒரு வேன் வந்து நிற்கும். அதற்குள் ஒரு ஆள் மட்டும் உட்காரும் கூண்டு. காதில் ஹெட்போனை மாட்டிவிட்டு, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொல்வார்கள். முடிந்ததும் ஒரு தாளைக் கொடுப்பார்கள். அதில் கோடு நேராக வந்து, வலது பக்கம் போனதும் படியில் கால் தவறியவன் போல விழுந்திருக்கும். ஆள் பேசுவது கேட்கும், மேளம் கேட்கும், லாரி கேட்கும், மெல்லிய கீச்சுச் சத்தங்கள்தான் கேட்காது என்று டாக்டர் சொன்னார். கொசு காதருகே வந்தால் எனக்குத் தெரியாது. கடித்த பிறகுதான் தெரியும்.

இப்படிப்பட்டவன் சபையில் சவுண்டு பார்க்கலாமா என்று கேட்பீர்கள். பார்த்தேன். ஒன்பது வருடம் பார்த்தேன். மில்லுக்கு வருவதற்கு முன்னால் பொதட்டூர்பேட்டைப் பக்கம் கல்யாணத்துக்கும் சாவுக்கும் மைக் செட் கட்டிக்கொண்டிருந்தவன். எந்தக் குமிழை எவ்வளவு திருப்பினால் என்ன ஆகும் என்று என் விரலுக்குத் தெரியும்.

எங்கள் சபை ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம், எங்கள் காலனியிலேயே இருக்கிறது. தகரக் கூரை போட்ட நீளமான ஹால். சனம் பாயில் உட்காரும். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மிக்சர் மேஜைமேல் இருப்பதால் எனக்கு மட்டும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. எங்கள் சபையில் ஒவ்வொருவரும் எழுந்து வாய்விட்டு ஜெபிக்க வேண்டும். தனக்கு நடந்த நன்மையைச் சாட்சியாகச் சொல்ல வேண்டும். எனக்கு நான்கு பேர் பார்த்தாலே வேர்த்துவிடும். வந்த புதிதில் என் முறை வரும்போதெல்லாம் இருமிக்கொண்டே வெளியே போய்விடுவேன். மிக்சரில் உட்கார்ந்த பிறகு யாரும் என்னை எழுப்பவில்லை. சவுண்டு பார்க்கிறவர் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். அத்தனை பேர் நடுவில் எனக்கென்று இருந்த ஒரே இடம் அந்த நாற்காலி. அது போனால் சபையில் நான் எங்கே உட்காருவது என்று எனக்குத் தெரியாது. இதை என் மனைவியிடம்கூட நான் சொன்னதில்லை.

பின்னால் உட்காருபவர்களுக்குப் பேச்சு புரியவில்லை என்ற குறை வெகுநாளாக உண்டு. உண்மையான குறைதான். தகரமும் வெற்றுச் சுவரும் சேர்ந்து ஒரு வார்த்தையை மூன்றாக்கித் திருப்பி அனுப்பும். பின் சுவரில் கோணிப்பையோ பழைய கம்பளியோ தொங்கவிட்டால் எதிரொலி அடங்கும் என்று சபைச் செயலாளரிடம் இரண்டு தடவை சொன்னேன். "இது சபையா, அரிசி குடோனா பிரதர்?" என்று கேட்டார். செயலாளர் காட்டுப்பள்ளிப் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்ட் சூப்பர்வைசர். டிப்ளமோ படித்தவர். என்னைவிட இளையவர்.

அவர்தான் ஆடியோக்காரரை அழைத்துவந்தார். திருவள்ளூரில் கடை வைத்திருப்பவர், வேறொரு சபைக்காரர். நல்ல சட்டை, நல்ல பேச்சு. ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஸ்பீக்கருக்குப் போகும் என்னுடைய பழைய ஒயரைக் காலால் தொட்டுக் காட்டி, "இதுல பாட்டு போனா சாக்கடைல பால் ஊத்துன மாதிரி" என்றார். அவர் கொண்டுவந்தது விரல் தடிமனில் நீல நிற ஒயர். முனைகளில் தங்க நிறத்தில் பின். கூடவே ஒரு அட்டைப்பெட்டி நிறையச் சின்னச் சின்ன மரக்கட்டைகள். ஒயர் தரையைத் தொடக் கூடாதாம். தொட்டால் சவுண்டு கெட்டுவிடுமாம். கட்டைகளை வரிசையாக வைத்து, அவற்றின் மேல் ஒயரைக் கிடத்தினார். நாங்கள் பாயில் உட்கார்ந்திருந்தோம். ஒயர் முக்காலியில் உட்கார்ந்திருந்தது.

"ரெண்டு வாரம் வெச்சுக் கேளுங்க. புடிச்சா வாங்குங்க. புடிக்கலன்னா நானே வந்து எடுத்துகினு போறேன்" என்றார்.

அதுவரை எல்லாம் நியாயம்தான். ஆனால் எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. புது மைக் வந்தாலும், புது ஃபேன் வந்தாலும், யாராவது பைக் வாங்கினாலும், பாஸ்டர் ஐயா அதன்மேல் எண்ணெய் தொட்டு வைத்து ஜெபம் பண்ணுவார். அந்த ஞாயிற்றுக்கிழமை நீல ஒயருக்கும் பண்ணினார். ஜெபம் பண்ணிய பொருளை நன்றாயில்லை என்று பிறகு எந்த வாய் சொல்லும்? இதை அன்றைக்கு யாரும் யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை.

அன்று ஆடியோக்காரர் என் நாற்காலியில் உட்கார்ந்து, தானே மிக்சரை ஓட்டிக் காட்டினார். நான் பாயில் உட்கார்ந்தேன். சாட்சி சொல்லும் நேரம் வந்ததும், சிப்காட் வாசலில் இட்லிக் கடை போடும் அக்கா எழுந்தார்.

"அஞ்சு வருசமா நான் கடைசி வரிசைலதான் குந்துறேன். ஐயா பேசறது பாதி காத்துல போயிடும். இன்னிக்கு ஒவ்வொரு வார்த்தையும் உள்ள எறங்குச்சு. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்."

ஹால் முழுக்க ஆமென் என்றது. செயலாளர் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

ஆராதனை முடிந்து எல்லோரும் போன பிறகு மிக்சரைப் பார்த்தேன். பெரிய குமிழுக்குப் பக்கத்தில் வெள்ளைப் பெயிண்டால் ஒரு புள்ளி வைத்திருப்பேன். எங்கள் ஹாலுக்கு அந்தப் புள்ளிதான் அளவு. குமிழ் புள்ளியைத் தாண்டி இரண்டு கோடு மேலே நின்றது. ஆடியோக்காரர் வேண்டுமென்று திருப்பினாரா, கைபட்டுத் திரும்பியதா, தெரியாது. தெரியாததை நான் சொல்ல மாட்டேன். ஆனால் சத்தம் கொஞ்சம் கூடினாலே தெளிவும் கூடிவிட்டதாகக் காதுக்குத் தோன்றும். மைக் செட் கட்டிய எவனுக்கும் இது தெரியும்.

அன்று சாயங்காலமே கமிட்டி கூடியது. மிக்சர் பார்ப்பவன் என்பதால் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். செயலாளர் பேசினார்.

"ஒயர வாங்கிடலாம். புது செட்டுக்கு ஏத்த ஆளு வேணும். ஆடியோ அண்ணன் கடைல ஒருத்தர் கீறாரு, ஞாயித்துக்கெழம வந்து பாத்துப்பாரு. நம்ம பிரதரும் பாவம், இத்தினி வருசம் ஒழைச்சிட்டாரு, காது வேற சரியில்ல. ரெஸ்ட் எடுக்கட்டும்."

எனக்கு வயது நாற்பத்தொன்பது. தினமும் எட்டு மணி நேரம் கம்பிக்கு முன்னால் நிற்கிறேன். அங்கே யாரும் என்னை ரெஸ்ட் எடுக்கச் சொன்னதில்லை. அதைச் சொல்வதற்கு முன்பே  பாஸ்டர் ஐயா, முடிவை அடுத்த ஞாயிறு எடுக்கலாம் என்று ஜெபித்து முடித்தார்.

திங்கட்கிழமை எனக்கு இரண்டாம் ஷிப்ட். காலையில் மில் வாசலில் எலக்ட்ரீஷியனிடம் மின்சாரம் அளக்கும் மல்டிமீட்டரைக் கேட்டு வாங்கினேன். அப்படியே சபைக்குப் போனேன். போனில் 'ஊ' என்று ஒரே சீராக வரும் சத்தத்தைப் போட்டு, ஸ்பீக்கர் முனையில் மீட்டரை வைத்தேன். பழைய ஒயரில் ஒரு எண் காட்டியது. நீல ஒயரை மாட்டினேன். அதே எண். கடைசி இலக்கம் மட்டும் ஒன்று கூடிக் குறைந்தது. எதையும் தொடாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றபோதும் அது அப்படித்தான் கூடிக் குறைந்தது. மரக்கட்டைகளை எல்லாம் எடுத்துவிட்டு ஒயரைத் தரையில் போட்டேன். எண் அசையவில்லை. காலால் மிதித்தும் பார்த்தேன். அதைக் கொஞ்சம் சந்தோஷமாகவே செய்தேன் என்று ஒப்புக்கொள்கிறேன்.

அங்கிருந்து நேராக செயலாளர் வீட்டுக்குப் போனேன். யார் வீட்டுக்கும் நானாகப் போகிறவன் இல்லை. அவர் வாசலில் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மீட்டர்ல ரெண்டு ஒயரும் ஒண்ணாத்தான் காட்டுது" என்றேன்.

"மீட்டருக்கு இன்னா பிரதர் தெரியும்? மீட்டரு பாட்டு கேக்குமா?"

"கேக்காது. யாரு கொண்டாந்த ஒயருன்னும் அது பாக்காது."

அவர் துடைப்பதை நிறுத்தினார். "காது டெஸ்ட்ல ஃபெயிலானது நீ. எங்கள டெஸ்ட் பண்ண வந்துட்ட."

"என் காது வேணாம். உங்க காதையே வெச்சுப் பாப்போம். எந்த ஒயருன்னு தெரியாம கேளுங்க. கேட்டுக் கண்டுபுடிங்க. கண்டுபுடிச்சிட்டீங்கன்னா, நாற்காலிய வுட்டு நானே எந்திரிச்சுப் போறேன்."

சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டேன் என்று தெரிந்தது. அவர் கை நீட்டினார். "வெள்ளிக்கெழம உபவாச ஜெபம் முடிஞ்சதும் வெச்சுக்கலாம். பேச்சு மாறக் கூடாது."

வெள்ளிக்கிழமை ஷிப்ட் மாற்றிக்கொண்டு போனேன். ஜெபம் முடிந்து கஞ்சி குடித்த பிறகு பதினைந்து பேர் இருந்தார்கள். பெரும்பாலும் பெண்கள், என் மனைவியும் அதில் ஒருத்தி. ஆம்ப்ளிஃபயரை மேடைக்குப் பக்கத்தில் உள்ள பாஸ்டர் அறைக்குள் நகர்த்திவிட்டேன். அந்த அறைக்குக் கதவு கிடையாது, திரைதான். ஸ்பீக்கர் பக்கம் இரண்டு ஒயரையும் சேர்த்தே மாட்டினேன். ஆம்ப்ளிஃபயர் பக்கம் எதைச் செருகுகிறோமோ அதில்தான் சத்தம் போகும். சத்தத்தின் அளவு இரண்டுக்கும் ஒன்றுதான் என்று மீட்டர் வைத்துப் பார்த்துக்கொண்டேன். எதைச் செருகுவது என்று நான் முடிவு செய்தால் சந்தேகம் வரும். அதனால் பாஸ்டரம்மாவை உள்ளே வரச் சொன்னேன். அவர் காசைச் சுண்ட வேண்டும். தலை விழுந்தால் நீலம், பூ விழுந்தால் பழசு. விழுந்ததை நோட்டில் எழுதிக்கொண்டு, அந்த ஒயர் முனையை எடுத்து என் கையில் கொடுக்க வேண்டும். நான் செருகிவிட்டு, போனில் பதிந்த அரை நிமிட அறிவிப்பைப் போட வேண்டும். வெளியே, நீலம் என்று நினைப்பவர்கள் கை தூக்க, பாஸ்டர் ஐயா எண்ணிப் பெரும்பான்மையைக் குறித்துக்கொள்வார்.

பன்னிரண்டு தடவை போட்டோம். ஐயாவின் தாளையும் அம்மாவின் நோட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். பன்னிரண்டில் பதினொன்று சரி.

நான் திரும்ப எண்ணினேன். பதினொன்றுதான்.

செயலாளர் என் தோளில் கை வைத்தார். "எல்லார் காதும் உன் காது மாதிரின்னு நெனச்சிட்ட, பிரதர். பரவால்ல."

மீட்டரைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். சாப்பிடப் பிடிக்கவில்லை. மீட்டர் பொய் சொல்லாது என்று எனக்குத் தெரியும். பதினைந்து பேரும் பொய் சொல்ல மாட்டார்கள் என்றும் தெரியும். அப்படியானால் எனக்குக் கேட்காத ஏதோ ஒன்று அந்த நீல ஒயரில் இருக்கிறது, அது மீட்டருக்கும் கேட்கவில்லை என்று ஆகிறது. அதை நினைத்துக்கொண்டு தட்டின் முன் உட்கார்ந்திருந்தேன். என் மனைவி எதிரே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"நீ எத்தினி வாட்டி கரெக்டா தூக்குன?" என்று கேட்டேன்.

"எல்லாமே கரெக்டுதான்."

"அவ்ளோ வித்தியாசமா கேட்டுச்சா?"

"வித்தியாசம் இன்னா வித்தியாசம். பாஸ்டரம்மாதான் ஸ்தோத்திரம் சொன்னாங்களே."

"எப்போ?"

அவள் கீரையைக் கீழே வைத்தாள். "அந்த நீல ஒயர எடுக்கறப்பல்லாம் மெதுவா ஸ்தோத்திரம்னு சொன்னாங்க. திரைக்கு இந்தாண்ட நல்லாவே கேட்டுச்சு. முன்னாடி குந்தினு இருந்த எங்க எல்லாருக்கும் கேட்டுச்சு. நாங்க தூக்கினோம், எங்களப் பாத்து பின்னாடி கீறவங்களும் தூக்கினாங்க."

"அங்கயே சொல்றதுக்கு இன்னா?"

"உனக்குக் கேட்டுகினு இருக்கும்னு நெனச்சேன்யா. நீதான அவங்க பக்கத்துல இருந்த."

ஒரு முழம் தூரத்தில் இருந்தேன். பன்னிரண்டு தடவையில் ஒரு தடவைகூட எனக்குக் கேட்கவில்லை. அந்த அம்மா உதடு அசைந்ததுகூடத் தெரியவில்லை. நான் ஒயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் சோதனையைக் கெடுத்தது என் காதுதான். செயலாளர் சொன்னதில் அவ்வளவு உண்மை உண்டு, அதை மறைக்க மாட்டேன். ஆனால் கண்டுபிடித்தது பெண்களின் காது, கண்டுபிடிக்கப்பட்டது ஸ்தோத்திரம். ஒயர் இதில் எதுவும் செய்யவில்லை. தட்டை நகர்த்திவிட்டு எழுந்தேன். "சாப்ட்டுட்டுப் போய் சண்ட போடு" என்றாள். உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனேன்.

பாஸ்டரம்மாவிடம் சொன்னதும் அவர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

"எண்ணெ வெச்ச பொருளாச்சே பிரதர். கை பட்டதும் வாய்ல வந்துகினே இருந்திருக்கு. எனக்கே தெரியல. நீங்க மறுபடி வையுங்க. நான் வாய்ல தண்ணி வெச்சுக்கறேன்."

விளையாட்டாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். இல்லை.

செயலாளர் முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. "தோத்துட்டு ரீகவுண்டிங் கேக்கறியா? எலெக்‌ஷனா இது?" என்றார். தவறு தன்னுடையது என்று பாஸ்டரம்மாவே சொன்ன பிறகு, ஞாயிறு ஆராதனை முடிந்ததும், சபை முழுக்க இருக்கும்போது, ஆடியோக்காரரையும் வைத்துக்கொண்டு நடத்தலாம் என்றார். அத்தனை பேர் முன்னால் என்றால் நான் பின்வாங்கிவிடுவேன் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். சரி என்றேன்.

இந்தத் தடவை எல்லோரையும் கண்ணை மூடச் சொன்னோம். எங்கள் சனத்துக்கு அது கஷ்டமே இல்லை, ஜெபத்தில் அரை மணி நேரம் மூடுகிறவர்கள். கண்ணை மூடிக்கொண்டு கை தூக்கினால் யாரும் யாரையும் பார்த்துத் தூக்க முடியாது. செயலாளரும் ஆடியோக்காரரும் இட்லிக்கடை அக்காவும் தனித்தனித் தாளில் எழுதினார்கள். திரைக்குள் பாஸ்டரம்மா டம்ளரோடு வந்தார். ஒவ்வொரு தடவையும் ஒரு வாய்த் தண்ணீரை வைத்துக்கொண்டு காசைச் சுண்டினார். இரண்டு கன்னமும் உப்பிய நிலையில் அவர் நீல ஒயரை எடுத்துக் கொடுத்ததைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது. ஒரு தடவை தண்ணீரை விழுங்கிவிட்டார். அந்தத் தடவையைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு மறுபடி போட்டோம்.

பன்னிரண்டில் சபையின் பெரும்பான்மை சொன்னது ஐந்து சரி. அக்கா ஆறு. செயலாளர் நாலு. ஆடியோக்காரர் ஆறு. காதே இல்லாமல் காசைச் சுண்டியிருந்தாலும் இதுதான் வந்திருக்கும்.



"புது ஒயருக்குக் காது பழகணும். ஒரு மாசம் ஆவும்" என்றார் ஆடியோக்காரர்.

"போன ஞாயிறு ஒரே நாள்ல பழகிச்சே" என்றேன். சத்தமாகச் சொன்னேனா என்று தெரியவில்லை. பின்னால் யாரோ சிரித்தார்கள்.

இட்லிக்கடை அக்கா எழுந்தார். அவர் முகம் சிவந்திருந்தது. "அப்போ நான் சபைல நின்னுகினு பொய் சாட்சி சொன்னேன்னு சொல்றியா நைனா?"

 "இல்லக்கா. உங்களுக்கு அன்னிக்கு நல்லா கேட்டது நெசம். சவுண்டு ரெண்டு கோடு கூட இருந்துச்சு. அதான் கேட்டுச்சு. ஒயரால கேக்கல."

"எனக்கு ஒயரப் பத்தி இன்னா தெரியும்? எனக்கு நல்லா கேட்டுச்சு, சொன்னேன்" என்று சொல்லிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அவர் அழுததாக என் மனைவி பிறகு சொன்னாள். அது மட்டும்தான் இந்த விவகாரத்தில் எனக்கு உறுத்தியது. இன்னும் உறுத்துகிறது.

கமிட்டியில் நீல ஒயரைத் திருப்பி அனுப்ப முடியாது என்று முடிவானது. எண்ணெய் வைத்து ஜெபம் பண்ணியதைத் திருப்பிக் கொடுத்தால் சனம் என்ன நினைக்கும் என்றார்கள். பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். செயலாளர் நயமாகவே பேசினார்.

"அக்காவ அத்தினி பேர் முன்னாடி அசிங்கப்படுத்திட்ட. அடுத்த ஞாயிறு எந்திரிச்சு, ஒயர் நல்லாத்தான் கீது, நான் அவசரப்பட்டுட்டேன்னு ரெண்டு வார்த்தை சொல்லிடு. மனசு ஆறிடும். நாற்காலி உன்னுதுதான். இல்லன்னா அண்ணன் கடை ஆளு வருவாரு."

பாஸ்டர் ஐயா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரம் முழுக்க உருளைகளுக்கு முன்னால் நின்றுகொண்டு அந்த இரண்டு வார்த்தையை வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். மில் சத்தத்தில் யாருக்கும் கேட்காது, எனக்கே கேட்காது. சொல்லிவிட்டால் முடிந்தது. ஒரு ஒயர்தானே. அது யாருக்கும் கெடுதல் செய்யப்போவதில்லை. ஆனால் இரண்டு வாரம் எனக்குப் படிப்பில்லை, காதில்லை என்று சொன்னவர்கள் யாரும் எண்ணிக்கை தப்பு என்று சொல்லவில்லை. எண்ணிக்கை சரி, அதைச் சொல்கிறவன்தான் சரியில்லை என்பது அவர்கள் கட்சி. அதற்கு நான் எப்படித் தலையாட்டுவேன்?

ஞாயிறு வந்தது. ஆடியோ கடை ஆள் ஒருவர் பேண்ட் சட்டையில் பின்னால் நின்றிருந்தார். நாற்காலி காலியாக இருந்தது, நான் பாயில் உட்கார்ந்திருந்தேன். சாட்சி நேரத்தில் செயலாளர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். எழுந்தேன். இருமிக்கொண்டு வெளியே போகவில்லை. ஒன்பது வருடமாக மற்றவர்களுக்கு உயரம் சரிசெய்து கொடுத்த மைக்கை முதல் தடவையாக என் வாய்க்கு நேரே இழுத்தேன். 

"அக்கா சொன்னது பொய் இல்ல. அவங்கள வருத்தப்பட வெச்சதுக்கு மன்னிப்பு கேக்கறேன்" என்றேன். செயலாளர் ஆமென் சொல்ல வாயெடுத்தார். "ஒயர்ல வித்தியாசம் இல்ல. பன்னெண்டுல அஞ்சு. அது அப்படியேதான் கீது. நான் சொன்னத மாத்த மாட்டேன்."

 பாய்க்குத் திரும்பிப் போகாமல், நேராக மிக்சருக்கு நடந்து, நாற்காலியில் உட்கார்ந்தேன். செயலாளர் எழுந்து வந்து என் பக்கம் குனிந்தார்.

"எந்திரி பிரதர்."

"பாட்டு ஆரம்பிக்கப் போவுது. மைக் சவுண்டத் தூக்கணும்" என்றேன். தூக்கினேன்.

அவர் கொஞ்ச நேரம் என் தலைக்கு மேல் நின்றார். பாஸ்டர் ஐயா பாட்டைத் தொடங்கிவிட்டார். எல்லோரும் கை தட்டிப் பாடும்போது நடுவில் ஒருவர் எவ்வளவு நேரம் சும்மா நிற்க முடியும்? போய் உட்கார்ந்தார். பேண்ட் சட்டைக்காரர் இரண்டாவது பாட்டில் கிளம்பிவிட்டார்.

ஒரு மாதம் கழித்து இட்லிக்கடை அக்கா அரிசிக் கோணிகளை ஒரு கட்டாகக் கட்டி எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். "இன்னாமோ சொல்லிகினு இருந்தியே, மாட்டு பாப்போம். பேஜாரு புடிச்ச ஆளுப்பா நீ" என்றார். என் யோசனை என்பதற்காகக் கோணிக்கு நான் சலுகை கொடுக்கவில்லை, அதையும் சோதித்தேன். பாஸ்டரம்மா ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இருபது வார்த்தைகளை மைக்கில் படிக்க, கடைசி வரிசையில் இருந்தவர்கள் காதில் விழுந்ததை எழுதினார்கள். கோணி இல்லாமல் பாதிதான் தேறியது. மாட்டிய பிறகு வேறு இருபது வார்த்தை படித்ததில் பதினாறு வந்தது. அக்காவுக்குப் பதினேழு. ஸ்பீக்கரை உயரத்தில் தூக்கி வைத்தால் இன்னும் கூடும் என்று நான் பல வருடமாக நம்பியிருந்தேன். தூக்கிப் பார்த்தோம். கூடவில்லை. இறக்கிவிட்டேன்.

நீல ஒயர் இன்னும் மரக்கட்டைகளின் மேல் படுத்திருக்கிறது. ஆம்ப்ளிஃபயரில் அதுதான் மாட்டியிருக்கிறது. அதன்மேல் எனக்குக் கோபம் இல்லை. சபைக்குப் புதிதாக வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, இது ஒசத்தியான ஒயரா என்று கேட்பார்கள். நாற்காலியில் உட்கார்ந்தபடியே பன்னிரண்டில் ஐந்து என்று சொல்கிறேன். செயலாளர் பக்கத்தில் நின்றாலும் சொல்கிறேன்.